குடல் கேமரா பரிசோதனையும் சுகர் மாத்திரையும்

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் என் வயதுக்காரர்களுக்குப் பேதிக்குக் குடிப்பது ஒன்றும் புதிதல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, விடியற்காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெயை வாயில் ஊற்றிவிடுவார்கள். மதியம் வரை கொல்லைக்கும் வீட்டுக்கும் நடைதான். வெயில் தாழ ஒரு கரண்டி ரசம் சோறு. மறுநாள் காலை வயிறு லேசாகி ஓட்டமாக ஓடிக்கொண்டிருப்போம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

இன்றைக்கு டாக்டர் 'கொலோனோஸ்கோபி பண்ணணும், முதல் நாள் பேதி மருந்து குடிச்சிட்டு வாங்க' என்று சொல்லும்போது, எழுபது வயதுக்காரர் மனதில் ஓடுவது அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைதான். அதோடு நம் ஆட்களுக்கு விரதப் பெருமை வேறு. 'கிருத்திகைக்கு ஒருபொழுது இருக்கறவன் நான், ஒரு நாள் பட்டினி என்னை என்ன பண்ணும்?' என்பார்கள். அன்றைக்குப் பேதிக்குக் குடித்த பையன் உடம்பில் சுகர் மாத்திரை இல்லை, இன்சுலின் இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வயிற்றில் சோறு இல்லை என்பது மாத்திரைக்குத் தெரியாது. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைப்பு. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை வைத்திருக்கும் மாவட்டம் நம்முடையது. கரும்பு லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் ஊர்ந்து போகிறவர்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் சுகர் மாத்திரை இருக்கும். (பாதி என்பது என் கண்ணளவுக் கணக்கு, ஆய்வுக் கணக்கு இல்லை.) வயதாக ஆக, குடலைப் பார்க்க வேண்டிய அவசியமும் கூடுகிறது. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, நாள்பட்ட மலச்சிக்கல் திடீரென்று பேதியாக மாறுவது, எடை குறைவது எல்லாவற்றுக்கும் கடைசியில் இந்தப் பரிசோதனைதான். சர்க்கரை நோயாளிகளுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஆகவே பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி கொடுக்கும்போது கையில் கொடுக்கிறார்களே ஒரு சீட்டு, அது எல்லோருக்கும் ஒரே சீட்டு. என்ன சாப்பிடலாம், எத்தனை மணிக்கு மருந்தைக் கரைக்க வேண்டும், எத்தனை டம்ளர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சுகர் மாத்திரையை என்ன செய்வது என்பது பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் 'சர்க்கரை நோயாளிகள் மருத்துவரை அணுகவும்' என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். அணுகத்தானே ஐயா வந்திருக்கிறோம்! சர்க்கரைக்காரருக்கு அது பாதிச் சீட்டு. மீதிப் பாதியை எழுதி வாங்காமல் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார் நண்பர் ஒருவர். பதினெட்டு வருஷமாகச் சுகர். காலையும் இரவும் ஒரு கூட்டு மாத்திரை போடுகிறவர். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் தேதி கொடுத்தார்கள். பெயர் வேண்டாம், எங்கேயும் நடக்கக்கூடியதுதான். சீட்டில் எழுதியிருந்தபடி முதல் நாள் வெறும் தெளிந்த நீராகாரம். அவர் சுகர்க்காரர் ஆயிற்றே, ஆகவே சர்க்கரை போடாத கடுங்காப்பி, வெறும் தண்ணீர், உப்பு மட்டும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதால் இரண்டு வேளையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். இதில் ஒழுங்கீனம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் அட்டவணை போட்டு வாழ்ந்த மனிதர், இரண்டு சீட்டிலும் இருந்ததை அப்படியே செய்திருக்கிறார். குடல் டாக்டர் சீட்டும் சரி, சுகர் டாக்டர் சீட்டும் சரி. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்ததுதான் ஆபத்தானது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. பேச்சு குழறுகிறது. வீட்டம்மா, 'ஏங்க, என்னா ஒரு மாதிரியா இருக்கீங்க?' என்று கேட்க, 'ஒண்ணுமில்ல, பேதியாவுதில்ல, அதான்' என்றிருக்கிறார். அந்த அம்மாவும் முதலில் அப்படித்தான் நினைத்திருக்கிறார். பேதியானால் சோர்வுதானே! பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து மீட்டரில் பார்த்தபோது 46. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 108ஐக் கூப்பிட்டு, பிழைத்துக்கொண்டார். பரிசோதனையைத் தள்ளி வைத்து, அடுத்த மாதம் முறையாக எழுதி வாங்கிக்கொண்டு போனார். குடலில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. அந்த இடத்திலேயே எடுத்துவிட்டார்கள். முதல் தடவை பட்ட பாட்டில் 'இந்த டெஸ்டே வேண்டாம்' என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டி உள்ளேயே இருந்திருக்கும்.

இந்தச் சம்பவத்தில் நான் கவனித்தது ஒன்று. லோ சுகரின் அடையாளங்களும் பேதியின் அடையாளங்களும் அக்கா தங்கை மாதிரி. வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், அசதி, எரிச்சல். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வயதானவர்களுக்கும் நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களுக்கும் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையே மங்கிப்போயிருக்கும். பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டினோலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரை போடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும் வரும். ஆகவே அன்றைக்கு உடம்பு சொல்வதை நம்பாமல் மீட்டரைத்தான் நம்ப வேண்டும். 70க்குக் கீழே போனால் லோ சுகர், 54க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து.

இன்னொரு சங்கடம், இத்தனை வருஷமாக நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்தச் சில நாட்களுக்குத் தலைகீழாகிவிடுகிறது. கேழ்வரகுக் கூழ் நல்லது, சாமைச் சோறு நல்லது, கீரை தினமும் சேர், கொய்யாவைக் கொட்டையோடு சாப்பிடு, வெள்ளைச் சோற்றைக் குறை, இனிப்பைத் தொடாதே என்பதுதான் நம் பாடம். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிலிருந்து பார்த்தால், கூழ் கூடாது, சாமை கூடாது, கீரை கூடாது, கொட்டையுள்ள பழம் கூடாது. நார், தவிடு, விதை எல்லாம் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்கும். வெள்ளைச் சோறு, இட்லி, ரவை, தோல் சீவிய உருளைக்கிழங்கு, முட்டை என்று சக்கை இல்லாத சாப்பாடு. மலைக்காரர்களுக்கு இது இன்னும் விசித்திரமாக இருக்கும். கல்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் தின்று வளர்ந்தவரிடம் 'மூணு நாளைக்குச் சாமை வேணாம், ரேஷன் அரிசி சாப்பிடுங்க' என்றால், டாக்டர் ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்.

கடைசி நாளில் அதைவிடத் தலைகீழ். தெளிந்த நீராகாரம் மட்டும். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். பால், மோர், சோறு வடித்த கஞ்சி எதுவும் கூடாது. வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், தெளிந்த ஆப்பிள் ஜூஸ், இளநீர், பருப்பில்லாத தெளிந்த ரசம், பாலில்லாத டீ, காப்பி. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைக் கேட்டுக்கொண்டுதான் குடிக்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம்.) நன்னாரி சர்பத், திராட்சை ஜூஸ் மாதிரிச் சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். இப்போது முக்கியமான விஷயம். அன்றைக்கு ஒரு நாள் சர்க்கரைக்காரர் சர்க்கரை சேர்த்துத்தான் குடிக்க வேண்டும். எல்லாவற்றிலும் வாரிப் போட அவசியம் இல்லை. சாப்பாட்டு வேளைகளில் இனிப்புள்ள பானம், நடுவில் இனிப்பில்லாதது. ஆனால் நாள் முழுக்க வெறும் தண்ணீரிலும் சுகர்-ஃப்ரீ மாத்திரை போட்ட டீயிலும் ஓட்டக் கூடாது. சுகர்-ஃப்ரீ நாக்கைத்தான் ஏமாற்றும், ரத்தத்துக்கு ஒன்றும் தராது. நம் வீட்டுப் பெண்கள் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். 'உங்களுக்குச் சர்க்கரை ஆகாது' என்று அன்றைக்கும் டப்பாவை ஒளித்து வைத்துவிடுவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சரி, மாத்திரைகள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மருத்துவன் இல்லை, எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளாசைடு, கிளிப்பிசைடு. இவையெல்லாம் ஒரே குடும்பம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. பட்டினி நாளில் முதல் எதிரி இவைதான். சாதாரணமாக இவற்றை நீராகார நாளிலும் பரிசோதனை அன்று காலையிலும் நிறுத்தச் சொல்வார்கள். இவற்றால் வரும் லோ சுகர் ஒருமுறை சரியானாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரும் குணம் உள்ளது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் நீளும். ஆகவே சர்க்கரைத் தண்ணீர் குடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று மற்றவர்கள் தூங்கப் போய்விடக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு லோ சுகர் பயம் குறைவு. ஆனால் உடம்பில் தண்ணீர் வற்றும்போது, சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது வேறு விதமாகத் தொல்லை தரும், ஆகவே அதையும் நிறுத்தி வைப்பது உண்டு.

இங்கே ஒரு சிக்கல். நம்மில் பலர் போடுவது தனி மாத்திரை இல்லை, கூட்டு மாத்திரை. ஒரே வில்லையில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும், சிலதில் வோக்லிபோஸும் சேர்ந்திருக்கும். 'நான் மெட்ஃபார்மின்தான் போடறேன்' என்று டாக்டரிடம் சொல்வார், அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு மூன்று பெயர் இருக்கும். வாயால் சொல்லாதீர்கள். அட்டையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். 'மஞ்ச மாத்திரை, பாதி வெள்ளை' என்று சொல்லி எந்த டாக்டருக்கும் புரியாது.

வோக்லிபோஸ், அகார்போஸ் போடுகிறவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். இவை நாம் சாப்பிடும் சர்க்கரையைக் குடல் உடைப்பதைத் தாமதப்படுத்துபவை. ஆகவே அவர்களுக்கு லோ சுகர் வந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். சுற்றிலும் கரும்புக் கொல்லையும் இரண்டு சர்க்கரை ஆலையும் இருக்கிற ஊரில், ஒருவருக்கு மருந்துக்கடைக் குளுக்கோஸ் டப்பாதான் உயிர் காக்கும் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், என்ன மாத்திரை என்ற ஆராய்ச்சி வேண்டாம், எல்லாருமே பேதி மருந்து வாங்கும்போதே ஒரு குளுக்கோஸ் டப்பாவும் சேர்த்து வாங்கிவிடலாம்.

அடுத்தது டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. 2020இல் டாபாகிளிஃபுளோசினின் காப்புரிமை முடிந்த பிறகு ஏகப்பட்ட கம்பெனிகள் தயாரித்து, விலை இறங்கி, நம் ஊர்ச் சீட்டுகளிலும் சகஜமாகிவிட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று எழுதுகிறார்கள், நல்லதுதான். ஆனால் பட்டினி, தண்ணீர் வற்றுதல் இரண்டும் சேரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து இதில் உண்டு. மோசம் என்னவென்றால், அப்போது மீட்டர் 160, 180 என்று சாதுவாகக் காட்டும். சுகர் நார்மல்தானே என்று இருந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, அசதி என்று அடையாளங்களும் மறுபடி பேதி மருந்தின் மேல் பழி போடக்கூடியவைதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல், அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்த வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதச் செய்தது. இந்தப் பரிசோதனைக்கும் பல மருத்துவர்கள் அதே கணக்கைத்தான் வைக்கிறார்கள். மூன்று நாள் என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் இரவு ஞாபகம் வந்து பயனில்லை. அதனால்தான் தேதி வாங்கும் அன்றே கேட்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இன்சுலின் போடுகிறவர்கள் தாமாக எதையும் முடிவு செய்யக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின் வேறு, நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் வேறு, நம் பக்கம் அதிகமாகப் போடுகிற 30/70 கலவை வேறு. ஒவ்வொன்றுக்கும் குறைக்கும் அளவு வேறு. 'சாப்பிடலையே' என்று ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. சிறுவயதிலிருந்தே இன்சுலினில் வாழ்பவர்களுக்கு முழுவதும் நிறுத்துவது உயிருக்கே உலை. எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு என்று எண்ணில் எழுதி வாங்க வேண்டும். 'கொஞ்சம் கொறச்சிக்கங்க' என்பது பதில் ஆகாது. வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகள் வந்திருக்கின்றன, அவை வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளையும் நீர் மாத்திரைகளையும் பற்றியும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பேதி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பெரும்பாலும் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பவுடர், இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. பாஸ்பேட் கலந்த வகையும் உண்டு, அளவு குறைவு, குடிக்கச் சுலபம். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று அமெரிக்காவில் 2008லேயே கடும் எச்சரிக்கை போட்டார்கள். சர்க்கரைக்காரர்களில் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் நிறைய. 'எனக்குக் கிட்னி எப்படி இருக்கு, இந்த மருந்து எனக்கு ஆகுமா?' என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை. நீண்ட நாள் சுகர் குடலின் ஓட்டத்தையே மந்தமாக்கும். மற்றவர்களுக்குச் சுத்தமாகிற அளவு மருந்தில் நமக்குச் சுத்தமாகாமல் போகலாம். முழுவதும் குடிக்காமல் பாதியைச் சாக்கடையில் ஊற்றினால், 'சரியாத் தெரியலை, மறுபடி வாங்க' என்பார்கள். இத்தனை பாடும் இன்னொரு தரம் படவேண்டும்.

அந்த நாளில் மீட்டர் எப்போது? நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, படுக்கும்முன், நடு இரவு இரண்டு மூன்று மணிக்கு, காலையில் கிளம்பும்முன். 70க்குக் கீழே இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. குளுக்கோஸ் அகப்படவில்லை என்றால் கைக்குக் கிடைத்த இனிப்பு எதுவானாலும் சரி, குடல் அழுக்காகுமே என்று யோசிக்கக் கூடாது. பரிசோதனையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். காலையில் கிளம்பும் நேரத்தில் லோ ஆனாலும் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் போய் அதைச் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108தான். மறுபக்கம், சுகர் 300க்கு மேல் போய் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அன்று இரவு வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, கணவனும் மனைவியுமாகவோ ஒற்றையாகவோ இருக்கிற வீடுகள்தான் நம் தெருவில் அதிகம். ஒரு ராத்திரிக்குத் தம்பி மகனையோ அடுத்த வீட்டுப் பையனையோ கூப்பிட்டுப் படுக்கச் சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

இதுவரை சொன்னது மீட்டர் வாங்கக்கூடிய, 108 பத்து நிமிஷத்தில் வரக்கூடிய வீட்டுக்கு. மலைக்கு வருவோம். நான் சில வருஷம் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தவன். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று இன்னும் முகங்கள் மறக்கவில்லை. 2019இல் தனி மாவட்டம் வந்தது, 2022இல் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி வந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். எல்லாம் பெரிய காரியங்கள், குறை சொல்ல மனம் வராது. மாத்திரை மலையேறிவிட்டது. அதை எந்த நாளில் போடக் கூடாது என்ற சொல் இன்னும் மலையேறவில்லை.

யோசித்துப் பாருங்கள். பத்து மணிக்குப் பரிசோதனை என்றால், மருந்தின் இரண்டாம் பாதியை விடியற்காலை நான்கு மணி வாக்கில் தொடங்கி ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். அப்போதுதான் குடல் சுத்தமாக இருக்கும். அதே நேரத்தில் மலைக்காரர் பஸ் பிடிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில், பேதியோடு, வெறும் வயிற்றில், பஸ்ஸில். அது கள்ளக்குறிச்சிக்கு மட்டும். முண்டியம்பாக்கம், சேலம், ஜிப்மர் என்று அனுப்பினால் அதற்கு மேல் இன்னொரு பஸ். இதை எந்த மனிதராலும் செய்ய முடியாது. அவர் என்ன செய்வார்? மருந்தை முதல் நாள் மாலையே முழுக்கக் குடித்துவிடுவார், அல்லது பாதியோடு நிறுத்துவார், அல்லது வராமலே இருந்துவிடுவார். 'வரச் சொன்னோம், வரலை' என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. முதலாவது, காசு செலவில்லாதது. தேதி கொடுக்கும் மேசையில், அது அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கட்டும். 'சுகர் உண்டா? மாத்திரை பெயர், எந்த நாள் நிறுத்தம், இன்சுலின் எத்தனை யூனிட், மறுபடி எப்போது தொடங்குவது, சந்தேகத்துக்கு யாருக்குப் போன்' என்று தமிழில் ஐந்து வரி. சீட்டின் பின்பக்கம் குத்தி, டாக்டர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதும். கூட்டம் அதிகம், ஒரு டாக்டர் நூறு பேரைப் பார்க்கிறார் என்பார்கள். உண்மைதான். ஆனால் நூறு பேருக்கும் கொலோனோஸ்கோபி எழுதுவதில்லையே! எழுதுகிற சிலருக்கு மூன்று நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான். சர்க்கரைக்காரர்களுக்குக் காலை முதல் வரிசையில் இடம் ஒதுக்கினால் இன்னும் நல்லது, பட்டினி நேரம் குறையும்.

இரண்டாவது கொஞ்சம் செலவானது. மலையிலிருந்து வருகிற, இன்சுலினோ கிளிமெபிரைடு வகையோ எடுக்கிற, வயதானவர்களை முதல் நாளே வார்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டில், பக்கத்திலேயே கழிப்பறை, நாலு மணிக்கொருதரம் சுகர் பார்க்க ஒரு நர்ஸம்மா. ஒரு நாள் கட்டில் செலவு, லோ சுகரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 'மலைக்காரங்கதான் சொன்னதக் கேக்கறதில்ல' என்ற பேச்சு எனக்குப் பழைய பேச்சு, பள்ளிக்கூடத்திலேயே கேட்டது. அவர்களுக்குப் புரிகிற மாதிரி, செய்ய முடிகிற மாதிரி சொல்லியிருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. அது நடக்கும்வரை, மலையிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே இறங்கி, ஊரில் உறவுக்காரர் வீட்டிலோ கழிப்பறை உள்ள லாட்ஜ் அறையிலோ துணையோடு தங்குவதுதான் வழி. மாத்திரை கொண்டு வந்து தரும் பெண்ணிடமும் தேதியைச் சொல்லி வையுங்கள். அவரால் மாத்திரையை மாற்ற முடியாது, ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் கேட்டுச் சொல்ல முடியும்.

பரிசோதனை முடிந்த பிறகும் அவசரம் வேண்டாம். முதலில் சாப்பாடு, பிறகு சுகர் பார்ப்பது, அதற்கப்புறம்தான் மாத்திரை. விட்டுப்போன வேளைகளுக்கும் சேர்த்து இரண்டாகப் போடுகிற வேலை கூடாது. டாபாகிளிஃபுளோசின் வகையை, சாப்பாடும் தண்ணீரும் பழையபடி இறங்க ஆரம்பித்த பிறகுதான் தொடங்குவார்கள். மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது. சாயங்காலம் மலை பஸ்ஸில் ஏறும்போது துணைக்கு வந்தவர் குளுக்கோஸ் டப்பாவை மேலே பை வைக்கும் இடத்தில் போட்டுவிடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும். மேலே ஏறும் வளைவுகளில் எழுந்து நின்று பை தேட முடியாது.